கிளை நூலகத்தில் சின்னஞ்சிறார் கதைநேரம்: கருப்பொருளை எப்படி அமைப்பது?

காவிரிக்கரை நூலகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். டெல்டாப் பகுதியில் உள்ள ஒரு பேரூராட்சியின் கிளை நூலகத்தில் நூலகராகப் பணியாற்றுகிறேன். எங்கள் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த தாய்மார்கள் சிலர் கேட்டுக்கொண்டதால், ஆடி மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் காலை 10.30 மணிக்குச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான கதைநேரத்தை நடத்தி வருகிறேன். ஒன்றரை வயதுக் குழந்தை முதல் யு.கே.ஜி. படிக்கும் ஐந்து வயதுக் குழந்தை வரை 18 முதல் 22 பேர் வருகிறார்கள். பள்ளி மாணவர்களுக்குக் கோடை முகாமும் ஓவியப் போட்டியும் நடத்திய பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் மழலை மாறாத குழந்தைகள் இருபது பேரை ஒரே பாயில் வைத்துக்கொண்டு கதை சொல்வது எனக்கு முற்றிலும் புதிது.

ஒவ்வொரு வாரமும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் நிறங்கள், அடுத்து காய்கறிகள், பிறகு வாகனங்கள், நான்காவது வாரம் மழை. மழைக்காக நான்கு படப் புத்தகங்களைத் தேடி எடுத்தேன். நீர் ஆவியாகி மேகமாவதை விளக்கும் படம் ஒன்றை வரைந்தேன். பாட்டு ஒன்றை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன். முடிவில் காகிதக் கப்பல் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து செய்த வேலை அது.

நடந்தது வேறு. இரண்டாவது புத்தகத்தின் நடுவிலேயே இரண்டு வயதுக் குழந்தைகள் எழுந்து அலமாரிகளுக்குப் போய்விட்டார்கள். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனே பதில் சொன்னான். மற்றவர்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பலை ஒரு குழந்தைகூட மடிக்கவில்லை. அம்மாக்கள் மடித்துக் கொடுத்தார்கள், குழந்தைகள் வாங்கிக்கொண்டார்கள்.

இடையில் ஒன்று மட்டும் நடந்தது. மழை எப்படிப் பெய்யும் என்று காட்டுவதற்காக அருகிலிருந்த இரும்பு பீரோவை விரல் நுனிகளால் தட்டினேன். அலமாரிப் பக்கம் போயிருந்தவர்கள் அத்தனை பேரும் ஓடி வந்து பீரோவைச் சூழ்ந்துகொண்டு தாங்களும் தட்டத் தொடங்கினார்கள். இரண்டு நிமிடம் தட்டியிருப்பார்கள். அவர்களை மறுபடி உட்காரவைத்து மூன்றாவது புத்தகத்தைத் திறந்தேன். கூட்டம் மீண்டும் கலைந்தது.

கருப்பொருள் என்பதை இந்த வயதுக் குழந்தைகளுக்கு எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்? இரண்டு வயதையும் ஐந்து வயதையும் ஒன்றாக உட்காரவைக்கலாமா? இன்னொரு குழப்பமும் உண்டு. புத்தகத்தில் ‘குருவி பறந்து சென்றது’ என்று இருக்கிறது. அதை அப்படியே வாசிப்பதா, ‘குருவி பறந்து போச்சு’ என்று சொல்வதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஓய்வுபெற்ற அங்கன்வாடி ஆசிரியை எழுதுகிறார்:

அன்புள்ள நூலகர் அம்மாவுக்கு வணக்கம். 31 ஆண்டுகள் அங்கன்வாடியில் இந்த வயதுக் குழந்தைகளோடு இருந்தவள் நான். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்கள் உழைப்பில் குறை எதுவும் இல்லை. பீரோவைத் தட்டிய அந்த இரண்டு நிமிடத்தில் கதைநேரம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதைத் தொடர விடாமல் மூன்றாவது புத்தகத்துக்குப் போனதுதான் பிழை.

நிறங்கள், காய்கறிகள், வாகனங்கள் என்பவை பெரியவர்கள் பொருள்களை வகைப்படுத்துவதற்காக வைத்துக்கொண்ட பெயர்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஒரே இனம் என்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கத்தரிக்காய் வழுவழுவென்று இருக்கிறது, வெண்டைக்காய் சுணைசுணையாக இருக்கிறது என்பதை அது கையால் அறியும். ஆகவே இந்த வயதுக்குக் கருப்பொருளை ஒரு செயலிலிருந்து எடுங்கள். கொட்டுவது, ஒளிவது, இழுப்பது, ஊதுவது, உருட்டுவது, கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பொருந்தும் பாட்டும் பொருளும் கதையும் தாமாகவே வந்து சேரும்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. நம் பிள்ளைத்தமிழ் இலக்கணத்தைப் பாருங்கள். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்தவர்கள், ஒவ்வொரு பருவத்துக்கும் குழந்தை செய்யும் ஒரு செயலையோ குழந்தையோடு நாம் செய்யும் ஒரு செயலையோதான் பெயராக வைத்தார்கள். ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலையசைத்து ஆடுவது செங்கீரை, நாவசைத்துத் தாலாட்டுவது தால், கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வரச் சொல்லி அழைப்பது வருகை, நிலவை விளையாடக் கூப்பிடுவது அம்புலி, பறை முழக்குவது சிறுபறை, தேர் உருட்டுவது சிறுதேர். பெண்பாற் பிள்ளைத்தமிழில் கழங்கு, அம்மானை, ஊசல் ஆகிய விளையாட்டுகள் வரும். மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் இப்பருவங்களை வைத்துப் பாடுவது மரபு. உங்கள் பாயில் உட்காரும் ஒன்றரை வயதுக் குழந்தை அம்புலிக்கும் சிறுதேருக்கும் இடையில் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு ‘நிலா’ என்ற தலைப்பில் வளர்பிறையையும் தேய்பிறையையும் விளக்கினால் அது எழுந்து போகத்தான் செய்யும். நிலாவைக் கைநீட்டிக் கூப்பிடச் சொன்னால் பத்து முறை கூப்பிடும்.

உங்கள் மழையையே எடுத்துக்கொள்வோம். பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டுங்கள், அது தூறல். இரண்டு விரலால் தட்டினால் சாரல். ஐந்து விரலும் சேர்ந்தால் சடசடவென்று பெருமழை. இரண்டு கையாலும் தொடையில் தட்டினால் அடைமழை, காலால் தரையில் தடதடவென்று உதைத்தால் இடி. பிறகு அதே வரிசையில் பின்னோக்கி வந்து, கடைசியில் ஒரு விரலில் நிறுத்தி, ‘மழை விட்டது’ என்று மெல்லச் சொல்லுங்கள். இருபது குழந்தைகளும் அந்த நொடியில் வாயை மூடிக்கொண்டு உங்களைப் பார்ப்பார்கள். புத்தகத்தைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். ஒரே புத்தகம், பக்கத்துக்கு ஒரு வரி உள்ளது போதும். மழை வரும் பக்கம் வரும்போதெல்லாம் மீண்டும் விரல் தட்டட்டும்.

இந்தச் சடசட, தடதட, சலசல, மினுமினு, குடுகுடு எல்லாம் நம் மொழி இக்குழந்தைகளுக்கென்றே சேர்த்து வைத்திருக்கும் செல்வம். இரட்டைக்கிளவிக்குப் பொருள் விளக்க வேண்டியதில்லை. ஓசையே பொருளைச் சொல்லிவிடும். பேச்சு வராத குழந்தையும் ‘குடுகுடு’ என்று முயன்று பார்க்கும். ஒரு வாரத்துக்கு இரண்டு இரட்டைக்கிளவிகளைத் தேர்ந்துகொண்டு, பாட்டிலும் கதையிலும் விளையாட்டிலும் அவையே திரும்பத் திரும்ப வரும்படி அமைத்துவிட்டால், உங்கள் கருப்பொருள் பாதி முடிந்துவிட்டது.

அங்கன்வாடியில் மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்றுதான் பாடத்திட்டம் உண்டு. ஒரு மாதம் முழுதும் ஒன்றையே வைத்திருப்பது வாரத்துக்கு ஒரு முறை வரும் உங்கள் குழந்தைகளுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும். வாரந்தோறும் புதுத் தலைப்பு வேண்டும் என்று குழந்தை கேட்பதில்லை. போன வாரம் கேட்ட அதே பாட்டு மறுபடி வருகிறது என்று கண்டுகொள்ளும்போது அதன் முகம் மலர்வதைப் பாருங்கள். எனவே வணக்கப் பாட்டையும் விடைபெறும் பாட்டையும் ஆண்டு முழுதும் மாற்றாதீர்கள்.

பொருள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புளியங்கொட்டை, மஞ்சாடி, சோழி, பாசிமணி, ஊதாத பலூன், வெடித்த பலூனின் துண்டு எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள அறைக்குள் வரவே கூடாது. குழந்தையின் மூடிய கையைவிடப் பெரிய பொருள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நுங்குக் காலத்தில் நுங்கு வண்டி செய்து தரலாம். சித்திரை, வைகாசியில் அதைவிடச் சிறந்த கருப்பொருள் டெல்டாவில் எது இருக்கிறது? குச்சியின் முனையை மட்டும் மழுக்கிவிடுங்கள். மழைக்குக் குடை விரிப்பதாக இருந்தால் மெதுவாக விரியுங்கள். ‘டப்’ என்று விரியும் குடைக்கு அழுத குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.


கோவைத் தந்தை எழுதுகிறார்:

நான் நூலகன் அல்லன். மூன்று வயது மகளை மாதம் இருமுறை கதைநேரத்துக்கு அழைத்துச் செல்லும் தந்தை. பெற்றோர் தரப்பிலிருந்து இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நாங்கள் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்கே நன்றாக இல்லை. ஆனால் எங்களுக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு முறை கதை சொன்ன அம்மையார், ‘பெற்றோர் எல்லோரும் பாயில் குழந்தைக்குப் பின்னால் உட்காருங்கள், பாட்டின் இரண்டாம் வரியை நீங்கள்தான் பாட வேண்டும்’ என்றார். அன்றைக்கு அறையே வேறாக இருந்தது. பாட்டின் சொற்களை ஒரு கைப்பிரதியாகக் கொடுத்ததால் வீட்டிலும் குளிப்பாட்டும்போது அதைப் பாடினோம். இரண்டு மாதம் கழித்து மகள் தானாகவே பாடினாள்.

இன்னொன்று, கூட்டம் கலைகிறதே என்று பெரிய திரையில் காணொளிப் பாட்டைப் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் திரை முன் உட்காரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கும் குறைவாக இருப்பது நல்லது என்று கூறியிருக்கிறது; உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்களோடு வாசிப்பதையும் கதை கேட்பதையும் ஊக்குவிக்கிறது. வீட்டில் அந்த ஒரு மணி நேரத்தை நாங்கள் ஏற்கெனவே செலவழித்துவிடுகிறோம்.


சிங்கைக் கதைசொல்லி எழுதுகிறார்:

நூலகர் அம்மாவுக்கு வணக்கம். சிங்கப்பூரில் பொது நூலகங்களில் ஆங்கிலத்தோடு சீனம், மலாய், தமிழ் மொழிகளிலும் கதைநேரம் உண்டு. தமிழ்க் கதைநேரத்தில் நான் ஒன்பது ஆண்டுகளாகத் தொண்டூழியராக இருந்து வருகிறேன். உங்கள் கேள்விகளில் எழுத்துத்தமிழா, பேச்சுத்தமிழா என்பதுதான் என்னை எழுதத் தூண்டியது. ஏனெனில் நாங்கள் இதனோடு நீண்டகாலமாகப் போராடிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே வரும் குழந்தைகளில் பலர் வீட்டில் ஆங்கிலம் மிகுதியாகப் பேசுபவர்கள். தமிழில் அவர்கள் காதில் விழுவது பாட்டி பேசும் பேச்சுத்தமிழ் மட்டும்தான். 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பள்ளிகளிலும் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுத்தார்கள். எழுத்துத்தமிழில் மட்டுமே கற்பித்தால், குழந்தை தமிழை வகுப்பறைக்குரிய மொழியாக எண்ணி விட்டுவிடும் என்ற கவலையே அதற்குக் காரணம். இரண்டு வயதுக் குழந்தையிடம் ‘குருவி பறந்து சென்றது’ என்றால் அதற்குக் குருவி தெரியும், ‘சென்றது’ தெரியாது. அது வீட்டில் யாரும் சொல்லாத சொல். ஆகவே மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கதையை முழுவதும் பேச்சுத்தமிழில் சொல்லுங்கள். படத்தைக் காட்டுங்கள், வரியைப் படிக்க வேண்டாம்.

நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நான் செய்வது வேறு. கதையில் திரும்பத் திரும்ப வரும் வரியை மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல், ஒரே இராகத்தில் வாசிப்பேன். மற்றதைப் பேச்சில் சொல்வேன். மூன்றாம் முறை அந்த வரி வரும்போது குழந்தைகளே அதைச் சொல்வார்கள். இப்படி எழுத்துத்தமிழ் அவர்கள் காதுக்குப் பாட்டுப்போலப் பழகிவிடுகிறது. ‘சென்றது’ என்றால் ‘போச்சு’ என்று விளக்கம் சொல்ல வேண்டிய தேவை எனக்கு அரிதாகவே ஏற்பட்டிருக்கிறது. உங்கள் ஊரில் வீட்டுத் தமிழும் தெருத் தமிழும் செழிப்பாக இருக்கும். எங்களைவிட உங்களுக்கு இது எளிது.

அடுத்து வயதைப் பற்றி. இயன்றால் பிரித்துவிடுங்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு 10.30க்குத் தொடங்கி 15 அல்லது 20 நிமிடம். பெரியவர்களுக்கு 11 மணிக்குத் தொடங்கி அரை மணி நேரம். கருப்பொருள் ஒன்றாகவே இருக்கட்டும். அதே மழையில் சிறியவர்கள் விரல் தட்டுவார்கள். பெரியவர்கள் ‘மழை வந்தால் எறும்பு எங்கே போகும்?’ என்று யோசிப்பார்கள். உங்களுக்கு இரட்டை வேலையும் இல்லை. பிரிக்க இடமில்லை, ஆளில்லை என்றால் சிறியவர்களுக்கு ஏற்றபடி அமைத்து, பெரியவர்களுக்கு ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுங்கள். ஐந்து வயதுச் சிறுவன் எல்லாப் பதிலையும் சொல்கிறான் என்றீர்கள். அவனைப் புத்தகத்தின் பக்கங்களைத் திருப்பச் சொல்லுங்கள்.

அந்தச் சிறுவன் மட்டுமே பதில் சொன்னதற்கு நீங்கள் கேட்ட கேள்விகளும் காரணமாக இருக்கலாம். ‘இது என்ன நிறம்?’ என்ற கேள்விக்கு ஒரே விடைதான். ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வேலையில்லை. உரையாடல் வாசிப்பு என்று ஒரு முறை இருக்கிறது. குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1988இல் அதை வெளியிட்டார்கள். இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு, வெறுமே வாசித்துக்கொண்டு போகாமல் விரிவான விடை வரும் கேள்விகளைக் கேட்கவும், குழந்தை சொன்னதைச் சற்று நீட்டித் திருப்பிச் சொல்லவும் பழக்கினார்கள். ஒரு மாதத்திலேயே அக்குழந்தைகளின் பேச்சுத்திறனில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. குழந்தை ‘நாய்’ என்றால், ‘ஆமாம், நனைஞ்ச நாய், உடம்பை எப்படிச் சிலுப்புது பாரு’ என்று நாம் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் அந்த முறை. இருபது பேர் இருக்கும் அறையில் எல்லோரிடமும் இப்படிப் பேச முடியாது. ஆனால் பெற்றோர் பின்னால் உட்கார்ந்திருந்தால், ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டு, ‘உங்க குழந்தைகிட்ட இந்தப் படத்தைப் பத்தி ஒரு நிமிஷம் பேசுங்க’ என்று சொல்லலாம். கோவை நண்பர் கேட்ட வேலையும் பெற்றோருக்குக் கிடைத்துவிடும்.

புத்தகத்தைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகள். கடைசி வரிசைக் குழந்தையின் இடத்தில் நீங்கள் போய் உட்கார்ந்து படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத புத்தகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது மடியில் வைத்து வாசிக்க வேண்டிய புத்தகம், கூட்டத்துக்கு ஆகாது. அத்தகைய கதையின் உருவங்களைப் பெரிதாக வெட்டி, ஃபிளானல் துணி போர்த்திய பலகையில் ஒட்டிச் சொல்லலாம். இரண்டு புத்தகம் என்றால் நீளமானதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் போகப் போகப் பொறுமை குறையும். வாசிக்கும்போது புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடிக்காமல் தோளுக்கு அருகில் பக்கவாட்டில் பிடியுங்கள். குழந்தைக்கு உங்கள் வாயும் தெரிய வேண்டும். வீட்டில் ஒரு முறையாவது வாய்விட்டு வாசித்துப் பார்க்காமல் எந்தப் புத்தகத்தையும் கொண்டுபோகாதீர்கள்.

தமிழ்ப் படப் புத்தகம் போதவில்லை என்றால், பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளமாக உள்ளன. திறந்த உரிமத்தில் இருப்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயர்களோடு பெரிய தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். படிநிலை ஒன்று என்று குறித்தவற்றிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற வரிசைச் சிறு நூல்கள் பள்ளிப் பிள்ளைகள் தாமே படிப்பதற்கானவை. அவற்றில் ‘நுழை’ வரிசையிலிருந்து சிலவற்றை உங்கள் ஐந்து வயதுக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம்.

கைவேலையை நான் அறவே விட்டுவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். காகிதக் கப்பலை மடிக்க ஆறேழு வயதாவது ஆக வேண்டும். அதற்குப் பதிலாக அம்மா மடித்த கப்பலை ஓர் அகலத் தாம்பாளத்து நீரில் விட்டு ஊதச் சொல்லுங்கள். ஊதுவது மூன்று வயதுக் குழந்தையின் வேலை. தாம்பாளத்தின் அருகில் ஒரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும்.


பொதிகைத் தன்னார்வலர் எழுதுகிறார்:

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஓரிடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கருப்பொருளை முதலில் முடிவு செய்துவிட்டுப் புத்தகம் தேடுவது தலைகீழான வேலை என்பது என் எண்ணம். திருநெல்வேலிப் பக்கம் ஊர்ப்புற நூலகம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகக் கதை சொல்கிறேன். தொடக்கத்தில் நானும் ‘காய்கறி வாரம்’ என்று அறிவித்தேன். அறிவித்துவிட்டதால் காய்கறிகளைப் பற்றிய புத்தகம் வேண்டியிருந்தது. கிடைத்தவற்றில் இரண்டு, காய்கறி தின்றால் உடம்புக்கு நல்லது என்று அறிவுரை சொல்லும் சுவையற்ற புத்தகங்கள். அறிவித்த குற்றத்துக்காக அவற்றை வாசித்தேன். அந்த நேரத்தில் என் பையில் ஒரு காகத்தைப் பற்றிய அருமையான கதை இருந்தது. தலைப்பில் அடங்காது என்பதால் அதை எடுக்கவில்லை. இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். எனக்கு உண்மையிலேயே பிடித்த, திரும்பத் திரும்ப வாசிக்க அலுக்காத ஒரு புத்தகத்தை முதலில் எடுக்கிறேன். அதில் குழந்தை உடம்பால் செய்யக்கூடியது என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். காகம் தத்துகிறதா, தத்துவதே அன்றைய விளையாட்டு. கரைகிறதா, கரைவதே பாட்டு. மறுநாள் காலையில் காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கம் வீட்டில் இருக்கிறதா என்று பெற்றோரைக் கேட்கிறேன். கருப்பொருள் தானாக அமைந்துவிடுகிறது. பொருந்தாத ஒன்று நல்லதாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன். மழை வாரத்தில் ஒரு பூனை வந்தால் எந்தக் குழந்தையும் தடை சொல்லப்போவதில்லை.

அங்கன்வாடி ஆசிரியை அம்மா சொன்ன செயல் வழிக் கருப்பொருளில் இந்தச் சிக்கல் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ‘ஒளிவது’ என்று வைத்துக்கொண்டால் நிலாவும் ஒளியலாம், எலியும் ஒளியலாம், அம்மாவின் முந்தானைக்குள் குழந்தையும் ஒளியலாம்.


காவிரிக்கரை நூலகர் மீண்டும் எழுதுகிறார்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைத்தமிழைத் தேர்வுக்காகப் படித்தவள் நான். என் பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைப் பற்றித்தான் அது பேசுகிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

உங்கள் மறுமொழிகளைப் படித்தபின் அடுத்த மாதத்துக்கு ‘இழுப்பது’ என்பதைக் கருப்பொருளாக வைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டுதோறும் தேரோட்டம் உண்டு. குழந்தைகள் எல்லோரும் தந்தையின் தோளில் உட்கார்ந்து தேரைப் பார்த்தவர்கள். பொதிகைத் தன்னார்வலர் சொன்னபடி முதலில் புத்தகத்தைத் தேடினேன். எல்லோரும் சேர்ந்து ஒன்றை இழுக்கும் கதை ஒன்று எங்கள் நூலகத்திலேயே இருந்தது. பக்கத்துக்கு ஒரு வரிதான். கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தேன், படம் நன்றாகவே தெரிந்தது. நான்கு ஞாயிறும் அந்த ஒரே கதைதான். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு 10.30 முதல் 10.50 வரை, பெரியவர்களுக்கு 11 மணி முதல் 11.30 வரை. முதல் குழுவில் வணக்கப் பாட்டு, கயிறு இழுப்பதுபோல் கைகளை முன்னும் பின்னும் ஆட்டும் ஓர் இழுவைப் பாட்டு, கதை, பிறகு தேர் உருட்டல், விடைபெறும் பாட்டு. இரட்டைக்கிளவிக்குக் ‘கடகட’வும் ‘கணகண’வும், ஒன்று சக்கரத்துக்கு, மற்றொன்று மணிக்கு. பெரியவர்களிடம் ‘தேர் நகரவே மாட்டேன் என்றால் யாரைக் கூப்பிடலாம்?’ என்று கேட்பேன். ஆளுக்கொரு விடை வரும் என்று நம்புகிறேன்.

நாற்காலிகளை முதல் நாள் மாலையே அகற்றிவிட வாசகர் வட்டத்தினர் ஒத்துக்கொண்டார்கள். ஒரு புரவலர் இரண்டு பெரிய கோரைப்பாய்களும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டின் சொற்களைக் கைப்பிரதியாக அச்சிட்டுக் கொடுக்கப்போகிறேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. இரண்டேகால் வயதுப் பெண் குழந்தை ஒன்று எல்லா வாரமும் வருகிறது. நான்கு வாரமும் வாய் திறக்கவில்லை, கை தட்டவில்லை, அம்மாவின் மடியை விட்டு இறங்கவும் இல்லை. அந்தக் குழந்தைக்காக நான் தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா? இன்னொன்று, தேருக்கு அட்டைப்பெட்டியில் கயிறு கட்டலாம் என்று இருக்கிறேன். சிறியவர்கள் கையில் கயிறு கொடுக்கலாமா?


ஓய்வுபெற்ற அங்கன்வாடி ஆசிரியை எழுதுகிறார்:

மடியில் இருக்கும் குழந்தையை அங்கேயே இருக்க விடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு ‘நீ பாடு’ என்று கேட்காதீர்கள். வரும்போதும் போகும்போதும் அதன் உயரத்துக்குக் குனிந்து ஒரு சிரிப்பு, அவ்வளவு போதும். வீட்டில் பாடுகிறதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போனதும் முழுக் கதைநேரத்தையும் பொம்மைகளுக்கு நடத்திக்கொண்டிருப்பார்கள். வீட்டிலும் பேச்சே இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அம்மா சொன்னால், மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வழிகாட்டுவார்கள். அதைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் முன்னிலையில் வேண்டாம்.

கயிறு கொடுக்கலாம். ஆனால் ஒரு சாணுக்கு மேல் நீளம் வேண்டாம். நீண்டால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். மெல்லிய நூலை விட்டுவிட்டு, பழைய பருத்திப் புடவையைக் கிழித்து அகலமாகப் பின்னிக் கட்டுங்கள், கை வலிக்காது. முனையில் முடிச்சிட்டு வளையமாக்க வேண்டாம். சக்கரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வழவழப்பான தரையில் அட்டைப்பெட்டி தானாக வழுக்கும். பெட்டிக்குள் ஆளுக்கொரு புத்தகத்தை வைத்து அலமாரி வரை இழுத்துப் போகச் சொல்லுங்கள். எடுத்து வைப்பதும் அவர்களே செய்யட்டும்.